குத்தாத சாவிகள்

சலவைக் கடையில் அவளுக்கு வேலை, துணிகள் இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் பாக்கெட்டுகளைத் துழாவுவது. கேட்கிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். ஒரே ஒரு பேனாவைக் கவனிக்காமல் உள்ளே விட்டுப் பாருங்கள், நாற்பது வெள்ளைச் சட்டைகள் நீலச் சட்டைகளாக வெளியே வரும். அப்புறம் தெரியும் இது வேலையா இல்லையா என்று.

இடது கை பாக்கெட்டின் வாயை விரித்துப் பிடிக்கும். வலது கையின் இரண்டு விரல்கள் மூலைவரை போய்த் திரும்பும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. அது எதிரில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் வாய் அவரோடு பேசிக்கொண்டிருக்கும். பஸ் டிக்கெட், மாத்திரை, கிழிந்த கடிதம், பல்குச்சி, ஒரு முறை ஒரு செயற்கைப் பல் என்று கிடைப்பதை எல்லாம் டோக்கன் எண் எழுதிய சின்ன உறையில் போட்டு வைப்பாள். சாவிகளுக்கு மட்டும் தனியாகச் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாகக் கொக்கிகள். மாதக்கணக்கில் யாரும் கேட்டு வராத சாவிகள் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குப் போகும். எல்லாரும் அவளைப் ‘பாக்கெட் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பதினைந்து வயது பெரியவரான கடை முதலாளிக்கும் அவள் அக்காதான்.

அவளுடைய வீட்டுக்காரர் சாவி வெட்டுகிறவர். தெரு முனையில் ஓர் அலமாரி அகலத்துக்கு ஒரு கடை, அதில் ஒரு மெஷின், ஒரு முக்காலி, சுவர் நிறையப் பல் வெட்டாத வெறும் சாவிகள். அவள் வாயாடி என்றால் அவர் அவளுக்கு மேல். ஒரு சாவி வெட்ட வந்தவர், உலகத்தில் முதல் பூட்டை எவன் செய்தான், எதற்குச் செய்தான், அவன் மாமியாருக்கு அது ஏன் பிடிக்கவில்லை என்பதுவரை கேட்டுவிட்டுத்தான் போக முடியும். அதற்குள் அவருடைய பஸ் போயிருக்கும்.

கல்யாணமான புதிதில் வீட்டுக்கு இன்னொரு சாவி வெட்டிக்கொண்டுவந்து கொடுத்தார். அவள் அதைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். சாவியின் முனை பாக்கெட்டைக் கிழித்ததோடு நில்லாமல், எடுக்கும்போது கட்டை விரலையும் குத்திவிட்டது. விரலுக்கு ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு நேராகக் கடைக்கே போய் நின்றாள்.

“ஊருக்கெல்லாம் வெட்டிக் குடுக்குறீங்க, கட்டிக்கிட்டவளுக்கு மட்டும் ஊசி மாதிரி ஒண்ணா? நாளைக்கு என்ன, கத்தியா?”

அவர் பதில் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்த மிகச் சில தடவைகளில் அது ஒன்று. அரத்தை எடுத்து முனையில் நான்கு இழுப்பு இழுத்தார், கட்டை விரலால் தடவிப் பார்த்தார், கொடுத்தார். அன்றைக்கு மதியம் வந்த சாவிக்கும் அதே நான்கு இழுப்பு. மறுநாள் வந்ததற்கும் அப்படியே. ஓர் ஆண்டுக்குள் அவருடைய கைக்கு அது பழகிப்போய், அப்படி ஒன்று செய்கிறோம் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. வாய் பேசிக்கொண்டிருக்கும்போது கை தானாக அரத்தைத் தேடும், இழுக்கும், வைக்கும். அவள்தான் மறக்கவில்லை. ஊரில் எத்தனையோ பேர் வீட்டுக் கதவுகள் தன் திட்டை வாங்கிய சாவியால் திறக்கின்றன என்பதில் அவளுக்கு ரகசியமாக ஒரு பெருமை.

இப்படி ஒன்பது ஆண்டுகள் போயின. அப்புறம் ஊரில் ஒரு மரக்கடைக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே கொலையுண்டு கிடந்தார். வாசல் பூட்டை யாரும் உடைக்கவில்லை. பூட்டிலேயே ஒரு போலிச் சாவி செருகியபடி இருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வீட்டுப் பூட்டைச் சரிசெய்யப் போனவர் யார் என்று கேட்டார்கள். சாவிக்காரர் என்றார்கள். அவ்வளவுதான், ஊர் அதற்குமேல் யாரையும் தேடவில்லை.

விசாரணையில் ஓர் உறையைத் தூக்கிக் காட்டி, “இந்தச் சாவியை நீங்கள் வெட்டினீர்களா?” என்று கேட்டார்கள். உறைக்குள்ளே ஏதோ மங்கலாக மினுங்கியது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்தத் திருடனும் அதைத்தான் சொல்லியிருப்பான். ஆனால் இவர் நாணயமான தொழில்காரர் ஆயிற்றே.

“இருக்கலாங்க. ஒரு நாளைக்கு இருபது சாவி வெட்டுறேன். யாருக்கு எதை வெட்டினேன்னு எப்படி ஞாபகம் இருக்கும்?”

அந்த ஒரு வார்த்தையிலேயே வழக்கு முடிந்தது. நிபுணர் ஒருவர் வந்து, அவருடைய மெஷினில் வெட்டியது போலத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய வக்கீல் எவனோ வெட்டி வாங்கிக்கொண்டு போன சாவிக்கு இவர் எப்படிப் பொறுப்பு என்று வாதாடிப் பார்த்தார். அவளும் அதைத்தான் நம்பினாள். எவனோ ஒரு படுபாவி, நல்லவன் போலக் கடைக்கு வந்து, இவர் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். சாவி அவருடையது என்பதில் அவளுக்கும் சந்தேகம் வந்ததே இல்லை. அவருக்கும் வந்ததில்லை. அதுதான் கொடுமை.

ஆயுள் தண்டனை. மேல்முறையீடும் தள்ளுபடி. மெஷின் வீட்டுக்கு வந்து, ஒரு பழைய போர்வைக்குள் உட்கார்ந்தது.

வீட்டில் அவளும் அவளுடைய நாத்தனாரும்தான். சாவிக்காரரின் தங்கையான அவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிறவள். இருவரும் பகலெல்லாம் ஊரோடு பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிப்பார்கள். பால் பொங்கியதற்குச் சண்டை, துண்டு ஈரமாகக் கிடந்ததற்குச் சண்டை. சண்டை நின்றால் வீட்டில் ஆள் இல்லாதது தெரிந்துவிடும் என்று இருவருக்கும் பயம். ஊரில் சிலர் அவர்களைக் கண்டதும் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். எதிர் மளிகைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் தராமல் மேசையில் வைக்கத் தொடங்கினார். சலவைக் கடை முதலாளி மட்டும், தீர்ப்பு வந்த மறுநாள் அவள் வந்து நின்றபோது, “என்ன அக்கா, இன்னைக்கு லேட்டு? மூட்டை மூட்டையா கிடக்கு பாருங்க” என்றார். அதற்காக அவருக்காக எதையும் செய்வாள் அவள். வாயைக் குறைத்துக்கொள்வதைத் தவிர.

தீர்ப்புக்குப் பிறகு இரண்டாவது வாரம். ஒரு சாம்பல் நிறக் கால்சட்டையின் பாக்கெட்டில் அவள் விரல் ஒரு சாவியைத் தொட்டது. முனை வழவழவென்று இருந்தது. யாரோடோ விலைவாசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கையை உள்ளேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். அன்று முதல் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை அப்படி ஒன்று விரலில் படும். பலகையில் மாட்டுவதற்கு முன்னால் கட்டை விரலால் ஒரு முறை தடவிவிட்டு, ‘இருக்கீங்களா’ என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். வருஷம் ஆக ஆக அந்தச் சாவிகள் குறைந்துகொண்டே வந்தன. ஜனங்கள் வீடு மாறுகிறார்கள், பூட்டை மாற்றுகிறார்கள். சில மாதங்கள் ஒன்றுகூட வராது. அந்த மாதங்களில் அவள் நாத்தனாரோடு இன்னும் அதிகமாகச் சண்டை போட்டாள்.

பதினோராவது ஆண்டில் படக்காரி வந்தாள். குள்ளமான பெண், தன்னைவிடப் பெரிய பை ஒன்றைச் சுமந்துகொண்டு. கூடவே வாய் திறக்காத ஒரு கேமராக்காரர். செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருந்த ஒருவரைப் பற்றி ஏற்கெனவே ஓர் ஆவணப்படம் எடுத்திருக்கிறாளாம், அவர் வெளியே வந்துவிட்டாராம். பாக்கெட் அக்கா லேசில் பிடி கொடுக்கவில்லை. முன்பு ஒரு பத்திரிகைக்காரன் வந்து, ‘உங்க வீட்டுக்காரர் மேல உங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லையா’ என்று கேட்டு, ஈரப் படுக்கை விரிப்பால் அடி வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். படக்காரி அப்படி எதுவும் கேட்கவில்லை. அதனால் டீ கிடைத்தது. மூன்றாம் நாள் சாப்பாடும் கிடைத்தது.

படமெடுப்பதில்தான் தகராறு.

“அக்கா, ஒண்ணும் பேசாம, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பாத்துட்டு இருங்களேன்.”

“ஜன்னல்ல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லக்கா, சும்மா. மனசுல இருக்கிறது முகத்துல தெரியும்.”

“என் மனசுல இருக்கிறது வாயில வந்துரும். முகம் வரைக்கும் போகவே போகாது.”

அழவும் இல்லை. படக்காரி நேராகக் கேட்காவிட்டாலும், ஒரு சொட்டுக்காக ஏங்கியது உண்மை. சிறைக்கு மாதம் ஒரு முறை போய் வருவதைப் பற்றிச் சொல்லும்போதுகூட, அந்த பஸ்ஸின் இருக்கை எப்படி இடுப்பை ஒடிக்கிறது என்றுதான் அவள் திட்டினாள். கடைசியில் படக்காரி கைவிட்டுவிட்டு, “சரிக்கா, நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நாங்க எடுத்துக்கறோம்” என்றாள்.

அவள் வேலையைப் பார்த்தாள். சட்டை, கால்சட்டை, கோட்டு. விரல்கள் போய் வந்தன. ஒரு கோட்டின் உள் பாக்கெட்டிலிருந்து சாவி ஒன்றை எடுத்துப் பலகையில் மாட்டும்போது, கேமரா இருப்பதை மறந்து, “இது எங்க வீட்டுக்காரர் வெட்டுனது” என்றாள். நாலு மாதம் கழித்து வந்த சாவி அது. சந்தோஷம் தாங்கவில்லை, வாய் முந்திக்கொண்டது.

“எப்படிக்கா தெரியும்?” என்றாள் படக்காரி.

“குத்தலையே.”

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். விரலில் ரத்தம் வந்தது, கடையில் போய் நின்றது, நான்கு இழுப்பு. படக்காரி பிஸ்கட் டப்பாவை மேசையில் கவிழ்த்தாள். இருபதுக்கு மேல் சாவிகள். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தொட்டு ஏழு சாவிகளை ஒரு பக்கம் ஒதுக்கினாள் பாக்கெட் அக்கா. “இதெல்லாம் அவரோடது. மத்தது எவன் வெட்டினானோ, சனியன், விரலைக் கிழிக்குது.”

படக்காரி தன் பெரிய பையைத் திறந்தாள். வழக்குக் காகிதங்களிலிருந்து ஒரு புகைப்படத்தை உருவினாள். உள்ளங்கையளவு பெரிதாக்கிய சாவியின் படம். பூட்டில் செருகியிருந்த அதே சாவி. “இதைப் பாத்திருக்கீங்களா அக்கா?”

பார்த்ததில்லை. உறையைத்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் கோர்ட்டில் பத்து வரிசைக்குப் பின்னாலிருந்து. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். சாவியின் முனை வெட்டியது வெட்டியபடி இருந்தது. ஓரத்தில் முள் மாதிரி ஒரு பிசிறுகூட நீட்டிக்கொண்டிருந்தது.

“இது அவர் வெட்டுனது இல்ல.”

துணி மூட்டையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே கத்தத் தொடங்கினாள், அதுவும் கேமராவைப் பார்த்து.

“பதினோரு வருஷம்! வக்கீல், போலீஸ், ஜட்ஜு, நிபுணரு, எத்தனை பேரு! ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்தக் கருமத்தை எடுத்து என் கையில குடுத்திருக்கக் கூடாதா? தொட்டிருந்தா சொல்லியிருப்பேனே! நானும் ஒரு முட்டாள், அந்த மனுஷன் அவரையும் அறியாம ‘இருக்கலாம்’னு சொல்லிட்டு வந்து நிக்கிறாரு, ‘எங்கே காட்டுங்க’ன்னு நான் கேட்டேனா? கேக்கல. இருக்கலாம்னு நானும் உக்காந்துட்டேன்.”

படம் வெளிவந்தபோது எல்லாரும் பேசியது அந்த இடத்தைப் பற்றித்தான். அவள் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. தன் குரல் தனக்கே நாராசமாக இருக்கும் என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நாத்தனார் மட்டும் பார்த்துவிட்டு மேலே வந்து, “அண்ணி, நீங்க கெட்ட வார்த்தை சொன்ன இடத்தை எல்லாம் வெட்டிட்டாங்க” என்றாள். இரண்டு பேரும் கொடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பதினோரு வருஷத்தில் அப்படிச் சிரித்ததில்லை.

அடுத்த வாரத்திலிருந்து ஜனங்கள் சலவைக் கடைக்கு வரத் தொடங்கினார்கள், துவைக்க ஒன்றும் இல்லாமல். கையில் சாவி. “அக்கா, இது அவர் வெட்டினதா, பாத்துச் சொல்லுங்களேன்.” தடவிப் பார்ப்பாள். ஆமாம் என்றால் அவர்களுக்கு முகம் மலரும், ஏதோ பரிசு விழுந்த மாதிரி. இல்லை என்றால் தொங்கிப்போகும். முதலாளி, இன்றைக்கு வியாபாரம் படுத்துவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

ஒரு நாள் எதிர் மளிகைக்காரர் வந்தார். தன் கடைச் சாவியை நீட்டினார். இந்த முறை மேசையில் வைக்கவில்லை. அவள் வாங்கித் தடவினாள். வழவழப்பாக இருந்தது. பதினோரு வருஷமாக ஒவ்வொரு காலையும் அவர் கடையைத் திறந்தது அதைக்கொண்டுதான். நாக்கின் நுனியில் அவளுக்கு ஒரு வண்டி வார்த்தை வந்து நின்றது. “ஆமா, அவரோடதுதான்” என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் போனார். அதற்கு மேல் அவரைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை.

வழக்கை மறுபடி எடுத்தார்கள். உறையைப் பிரித்தார்கள். புது நிபுணர் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார். ஊரிலிருந்து திரட்டிய அவருடைய சாவிகள் அத்தனையிலும் முனையில் அரத்தின் தடம். இதில் மட்டும் இல்லை. போர்வையை விலக்கி மெஷினையும் எடுத்துப் போய்ச் சோதித்தார்கள். அதன் வெட்டுத் தகடு விடுகிற கீறலும் இந்தச் சாவியின் கீறலும் வேறு வேறு. பழைய நிபுணர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எட்டு மாதம் இழுத்தடித்துவிட்டு, குற்றமற்றவர் என்று விடுதலை செய்தார்கள்.

வந்தார். தலை நரைத்து, சட்டை இரண்டு அளவு பெரிதாகி. வீட்டு வாசலில் வந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தார். அவள்தான், “திறக்க வேண்டியதுதானே, உங்க கையில குடுத்த சாவி எதுக்கு?” என்றாள். சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், திறந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு என்று இல்லை, அப்புறமும் பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வார். போதும் என்பார், வேண்டாம் என்பார், சரி என்பார். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து, யாரிடமோ அனுமதி கேட்பது போல ஒரு நிமிஷம் நிற்பார். தெரு முனைக் கடை மறுபடி கிடைத்தது, மெஷினும் வந்தது, முக்காலியும் வந்தது. வேலையும் வந்தது, ஏராளமாக. ஆனால் வந்தவர்கள் எல்லாரும் படம் பார்த்தவர்கள். அந்த நான்கு இழுப்பைப் பார்ப்பதற்காகவே குனிந்து நின்றார்கள். அவருக்குக் கை ஓடவில்லை. ஒருவருக்குப் பத்து இழுப்பு இழுத்து முனையையே கெடுத்துவிட்டார். கேட்காதவர்களுக்கு அப்படியே வெட்டிக் கொடுத்துவிட்டார்.

“நாடகத்துல நடிக்கிற மாதிரி இருக்கு. நான் எப்படிப் பண்ணுவேன்னு எனக்கே தெரியலை” என்றார் அவளிடம். வந்ததிலிருந்து அவர் பேசிய நீளமான வாக்கியம் அது.

சலவைக் கடை பாக்கெட்டுகளில் புதுச் சாவிகள் வரத் தொடங்கின. அவர் வெட்டியவைதான். அவர் வாங்கும் பித்தளை அவளுக்குத் தெரியும். முனை கூராக இருந்தது. ஒன்று அவள் கட்டை விரலைக் குத்தி ரத்தமே வந்தது. சிறையில் இருந்தபோது பாக்கெட்டில் இருந்த மனுஷன், வீட்டுக்கு வந்தபின் பாக்கெட்டிலும் இல்லை, வீட்டிலும் இல்லை. வாயே திறக்காமல் விரலைச் சப்பிக்கொண்டாள். இரண்டு வாரமாக அவள் யாரோடும் சண்டை பிடிக்காததைப் பார்த்து நாத்தனார் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். “அண்ணி, உடம்புக்கு ஏதாவதா? ஒரு தடவை திட்டுங்களேன்” என்றாள். அவள் திட்டவில்லை.

மழைக்காலம் முடிந்து வந்த ஒரு திங்கட்கிழமை. பழுப்பு நிறக் கோட்டு ஒன்று, முழங்கையில் காப்பிக் கறை. வலது பாக்கெட்டின் மூலையில் ஒரு சாவி. கண் வேறெங்கோ இருந்தது. விரல் நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தாள். பளபளவென்று புதுப் பித்தளை. மறுபடி தடவினாள். நான்கு இழுப்பு, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாருக்கும் காட்டுவதற்காக இழுத்தது இல்லை அது.

சாயங்காலம் கோட்டுக்காரர் வந்தார். ஊருக்குக் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறதாம். படம் எதையும் பார்த்தவராகத் தெரியவில்லை.

“இந்தச் சாவியை எங்க வெட்டினீங்க?” என்று கேட்டாள்.

“இங்கதாங்க, முனைக் கடையில. ஏங்க, அந்த மனுஷன் என்ன பேச்சுப் பேசுறாரு! மொதல் மொதல்ல பூட்டு செஞ்சவன் யாருன்னு ஆரம்பிச்சாரு, அவன் மாமியார் கதைக்கு வர்றதுக்குள்ள எனக்கு ரெண்டு பஸ் போயிடுச்சு…” சொல்லிக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார். “என்னங்க, என்ன ஆச்சு?”

பாக்கெட் அக்கா வெள்ளைத் துணி மூட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். குலுங்கிக் குலுங்கி, சத்தமாக, பதினோரு வருஷத்துக்கும் சேர்த்து. படம்பிடிக்க அங்கே யாரும் இல்லை. உள்ளே இருந்து முதலாளி பதறிப்போய் ஓடி வந்தார், அவள் கையில் இருந்த சாவியைப் பார்த்தார்.

“என்ன அக்கா, சாவி குத்திடுச்சா?”

“இல்லங்க” என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “குத்தலை.”